பத்து டன் கல்லும் ஒரு மஞ்சப்பையும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டலை. இன்னிக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. வரலாறு, மலையேற்றம், மாமனார் மூணும் கலந்து வரும். டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.

2022 டிசம்பர் கடைசி. ஜவ்வாது மலையில நண்பரோட சித்தப்பாவுக்கு ஒரு தோட்டம் இருக்கு. பஸ் நிக்கிற இடத்துலேர்ந்து ரெண்டரை மணி நேரம் ஏறணும். நாலு பேர் கிளம்பினோம், அதுல ஒருத்தர் என் மாமனார். நில அளவைத் துறையில சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவர். அப்ப அவருக்கு வயசு 69. நான் தொலைநோக்கியை மூட்டை கட்டுறதைப் பாத்துட்டு, "சனிக் கிரகத்துக்கு வளையம்னு பள்ளிக்கூடத்துல படிச்சதோட சரி மாப்ளே. ஒருதரம் கண்ணால பாத்துடணும். காட்டுவீங்கல்ல?"ன்னு கேட்டார்.

காட்டிடலாம் மாமான்னு பெருமையா சொல்லிட்டேன். பெருமைக்குக் காரணம் முதுகுப்பையோட எடை. 70 மி.மீ. லென்ஸ் வெச்ச சின்னக் குழாய் ஒண்ணு, அதுக்கு 1.3 கிலோவுல ஒரு அலுமினிய முக்காலி. கேமராவுக்குன்னு விக்கிற முக்காலிதான். தண்ணி, கம்பளி, சோத்துப் பொட்டலம் எல்லாம் சேர்த்தும் பை கனமாவே இல்லை. மலை ஏறும்போது நான்தான் எல்லாருக்கும் முன்னாடி போனேன்.

ராத்திரி ஏழு மணிக்கு மேற்கு வானத்துல சனி பளிச்னு இருந்துச்சு. முக்காலியை நிக்க வெச்சு, 60 மடங்கு பெருக்குற கண்ணருகு லென்ஸைப் போட்டு, குறி பாத்து, மாமாவைக் கூப்பிட்டேன். குனிஞ்சு பாத்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிஞ்சார்.

"ஏதோ மஞ்சளா துடிக்குது மாப்ளே. மின்மினியாட்டம்."

காத்து அடிச்சா ஆடுது. ஃபோகஸ் திருகைத் தொட்டா ஆடுது. நான் பக்கத்துல ரெண்டடி நடந்தாக்கூட ஆடுது. முக்காலியோட நடுத்தண்டை முழுசா உயர்த்தி வெச்சிருந்தேன், பெரியவர் குனிய வேணாமேன்னு. ஒரு மணி நேரம் போராடிட்டு விட்டாச்சு. அவர் ஒண்ணும் குறை சொல்லலை. காலையில இறங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நேத்து அந்த ஸ்டாண்டைச் சுத்தி ஏன் நடந்துக்கிட்டே இருந்தீங்க?"

எனக்குப் பதில் தெரியலை. அந்த ஒரு கேள்விதான் என்னைப் புத்தகங்களுக்குள்ள தள்ளி விட்டுச்சு.

முதல்ல, ஏன் அவ்வளவு ஆடுச்சுன்னு ஒரு கணக்கு. ஒரு பாகையை அறுபதாப் பங்கு போட்டா ஒரு கலை. கலையை அறுபதாப் பங்கு போட்டா ஒரு விகலை. வளையத்தோட சேர்த்து சனியோட அகலம் வானத்துல நாப்பது விகலைக்குப் பக்கம், அதாவது ஒரு கலை கூடக் கிடையாது. என் குழாய் நீளம் அரை மீட்டர். அதோட ஒரு முனை 0.15 மில்லிமீட்டர் அசைஞ்சா பார்வை ஒரு கலை தள்ளிப் போயிடும். 0.15 மில்லிமீட்டர்னா நாம எழுதுற தாள் ஒண்ணரை கனம்! அவ்வளவு அசைஞ்சாலே சனி தன் முழு அகலத்துக்கும் மேல தாண்டிக் குதிக்கும். 60 மடங்கு பெருக்கினா, கண்ணுக்கு அது நிலாவோட அகலத்தைப் போல ரெண்டு பங்கு தூரம் குதிக்கிற மாதிரித் தெரியும். மாமா மின்மினின்னு சொன்னதுல தப்பே இல்லை.

சரி, கருவி கனமா இருந்தா ஆடாதுல்ல? எடையைக் குறைச்சதுதான் தப்போ? நானும் அப்படித்தான் நினைச்சேன். அதனால கனமான கருவிகளோட கதையிலேர்ந்து ஆரம்பிச்சேன். அதுக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை, நுங்கம்பாக்கமே போதும்.

1792-ல கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை நுங்கம்பாக்கத்துல ஒரு வானாய்வகம் கட்டுச்சு. திட்டம் போட்டவர் மைக்கேல் டாப்பிங். நட்சத்திரங்கள் உச்சிக்கோட்டைக் கடக்குற நேரத்தைக் குறிக்கிற ஒரு சின்னத் தொலைநோக்கிதான் அங்க முக்கியக் கருவி. அதைத் தாங்க என்ன வெச்சாங்க தெரியுமா? பத்து டன் எடையில ஒரு கருங்கல் தூண்! அதுல மத்த மொழிகளோட தமிழ்லயும் எழுத்து வெட்டியிருக்கு. 1899-ல வானாய்வகம் கொடைக்கானலுக்குப் போயிடுச்சு. தூண் மட்டும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துலயே நின்னு போச்சு. புயல் வரும்போது டிவியில "நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்"னு சொல்றாங்களே, அதே வளாகம்தான்.

ஒரு சின்னக் கருவிக்குப் பத்து டன் கல். எடைதான் விடைன்னு அடிச்சுச் சொல்ற மாதிரி இருக்குல்ல? அவசரப்படாதீங்க. அடுத்து வர்றவர் கனமான கருவியைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போனவர்.

வில்லியம் லாம்ப்டன். 1802 ஏப்ரல்ல பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பிச்சார். பிற்பாடு இமயமலை வரைக்கும் போய், உலகத்தோட உயரமான சிகரம் எதுன்னு கண்டுபிடிச்ச மகா முக்கோண அளவைக்கு இதுதான் பிள்ளையார் சுழி. அவர் கையில இருந்த பெரிய தியோடலைட் லண்டன்ல வில்லியம் கேரி செஞ்சது. கிடைவட்டம் மட்டும் மூணடி அகலம். மொத்த எடை ஏறக்குறைய அரை டன். கப்பல்ல வரும்போது பிரெஞ்சுக்காரங்க கையில மாட்டி, மொரீஷியஸ்ல இறங்கி, அங்கிருந்த ஆளுநர் மரியாதையா அனுப்பி வெச்சு, ஒருவழியா சென்னை வந்து சேர்ந்துச்சு. அது தனிப் பதிவுக்கான கதை.

தியோடலைட்னா கோணம் அளக்குற தொலைநோக்கி. தூரத்து மலை உச்சியில இருக்குற அடையாளத்தைக் குறி பாத்து, ரெண்டு அடையாளத்துக்கு நடுவுல எவ்வளவு கோணம்னு படிக்கணும். ஒரு விகலை தப்பினாக்கூட 48 கிலோமீட்டருக்கு அப்பால 23 சென்டிமீட்டர் தள்ளிப் போயிடும். அந்தத் தப்பு அடுத்த முக்கோணத்துக்குப் போகும், அங்கேர்ந்து அதுக்கடுத்ததுக்குப் போகும். அதனால கருவி ஆடவே கூடாது.

மலை இருக்குற ஊர்ல உச்சிப் பாறை மேல வெச்சாரு. காவிரி டெல்டாவுக்கு வந்ததும் சிக்கல். கண்ணுக்கெட்டுன தூரம் வயலும் தென்னையும்தான், மலையே இல்லை. அதனால கோயில் கோபுரங்கள் மேல ஏறினார். 1808-ல தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்து மேல அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏத்தினாங்க. சுவர்ல இடிச்சுடாம இருக்க வெளிப்பக்கமா ஒரு வடம் போட்டு இழுத்துப் பிடிச்சிருந்தாங்க. அந்த வடம் அறுந்துச்சு. கருவி போய்ச் சுவர்ல மோதி, கோணம் படிக்கிற அந்தப் பெரிய வட்டமே நெளிஞ்சு போச்சு.

வேற யாரா இருந்தாலும் லண்டனுக்குக் கடுதாசி போட்டுட்டு உக்காந்திருப்பாங்க. லாம்ப்டன் கூடாரத்துக்குள்ள போனவர் ஆறு வாரம் அதுலயே கிடந்தார். ஆப்பு, திருகு, கப்பி இதையெல்லாம் வெச்சு, நெளிஞ்ச வட்டத்தை மயிரிழை மயிரிழையா இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதே கருவியை வெச்சே வேலை தொடர்ந்துச்சு.

இந்தக் கதையை மாமாகிட்ட சொன்னப்ப அவர் கேட்டது லாம்ப்டனைப் பத்தி இல்லை. "வடத்தைப் பிடிச்சிருந்தவங்க யாரு மாப்ளே?"ன்னார். அவங்க பேர் நான் படிச்ச எதுலயும் இல்லை. சங்கிலி பிடிச்சு, கொடி நட்டு, அரை டன்னைத் தோள்ல சுமந்து மலையேத்தினவங்க நம்மூர் ஆட்கள்தான். முப்பது வருஷம் செயின்மேன்களோட வேலை பாத்தவருக்கு அந்தக் கேள்விதான் முதல்ல தோணும்.

1823-ல லாம்ப்டன் இறந்த பிறகு பொறுப்புக்கு வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். சிகரத்துக்குப் பேர் வெச்சாங்களே, அவரேதான். கங்கைச் சமவெளிக்குப் போனதும் அவருக்கும் தஞ்சாவூர் சிக்கல். தட்டையான நிலம், மரம், புழுதி. அதனால 1830-கள்ல செங்கல்லால கோபுரம் கோபுரமாக் கட்ட ஆரம்பிச்சார், ஐம்பதடி உயரம் வரைக்கும். காத்து தெளிவா இருக்குற ராத்திரியில, தூரத்துல விளக்கு ஏத்தி வெச்சுக் குறி பாத்தாங்க.

இங்கதான் எனக்குச் சுருக்குனு பட்டுச்சு. அந்த அளவை நிலையங்கள் எப்படி இருந்துச்சுன்னா, நடுவுல கருவிக்கு ஒரு தூண். அதைச் சுத்தி ஆள் நிக்க ஒரு மேடை. தூணும் மேடையும் ஒண்ணை ஒண்ணு தொடாது! நடுவுல இடைவெளி. பாக்குறவர் காலை மாத்தி வெச்சாலும் நடந்தாலும் அந்த அதிர்வு மேடையோட நின்னுடும், கருவிக்குப் போகாது.

யோசிச்சுப் பாருங்க. அரை டன் கருவி. அதுக்கே மனுஷன் காலடி ஆகாதுன்னு தனித் தூண் கட்டியிருக்காங்க. நான் 1.3 கிலோ முக்காலியைச் சுத்தி டான்ஸ் ஆடியிருக்கேன் :-)

பெரிய வானாய்வகங்கள்லயும் அதே கதைதான். தொலைநோக்கி நிக்கிற தூணுக்கு அஸ்திவாரம் தனி, கட்டடத்துத் தரைக்கு அஸ்திவாரம் தனி. நான் தோத்துப் போய் இறங்கின அதே ஜவ்வாது மலையிலதான் காவலூர் வானாய்வகமும் இருக்கு. 1986-ல தொடங்கின 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கதான்.

சரி, தரை அதிர்வுக்கு வழி கிடைச்சாச்சு. காத்துக்கு? அதுக்கு இன்னொரு மலைக்குப் போகணும், ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவுல இருக்குற எரிமலை. 1856-ல ஸ்காட்லாந்து அரச வானியலாளர் சார்லஸ் பியாஸி ஸ்மித், மனைவி ஜெஸ்ஸியையும் கூட்டிக்கிட்டு அங்க போனார். மலை உச்சியில வெச்சுப் பாத்தா வானம் தெளிவாத் தெரியும்னு நியூட்டன் எப்பவோ எழுதி வெச்சிருந்தார். அது நிஜமான்னு யாரும் முறையா சோதிச்சுப் பாக்கலை. ஸ்மித் தொலைநோக்கிகளைப் பெட்டிகளாப் பிரிச்சு, கோவேறு கழுதை மேல ஏத்திக்கிட்டு மலையேறிட்டார். முதல்ல 8,900 அடியில குவாஹாரா. அப்புறம் 10,700 அடியில ஆல்டா விஸ்டா. ரெண்டாவது இடத்துக்கு ஏத்தின தொலைநோக்கியோட லென்ஸ் ஏழேகால் அங்குலம்.

பத்து டன் தூணைக் கழுதை மேல ஏத்த முடியாதுல்ல. அங்க கிடைச்சது எரிமலைக் கல்லு. அதையே அடுக்கிச் சுவர் எழுப்பிக் காத்தைத் தடுத்து, உள்ள தங்கி வேலை பாத்தாங்க. வானம் தெளிவாத்தான் இருந்துச்சு. பிற்பாடு உலகம் பூரா மலை மேல வானாய்வகம் கட்டினதுக்கு அந்தப் பயணம் ஒரு முன்னோடி.

அதே மனுஷன் அங்க போன கப்பல்லயே இன்னொரு சோதனையும் பண்ணினார். கப்பல் ஆடுறதை நிறுத்த முடியாது. அதனால வேகமாச் சுழலுற கனமான சக்கரங்களை வெச்சு, கப்பல் சாஞ்சாலும் சாயாத ஒரு தொலைநோக்கித் தாங்கியைச் செஞ்சு பாத்தார். சுத்துற பம்பரம் சாயாம நிக்குதே, அந்தத் தத்துவம்தான். தரை கிடைக்காத இடத்துல என்ன பண்றதுன்னு 1856-லயே ஒருத்தர் யோசிச்சிருக்கார்.

இதெல்லாம் படிச்சு முடிச்சப்ப எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். இவங்க யாருமே கருவியோட எடையை மட்டும் நம்பலை. ஆடாம நிக்கிறதைத் தரைகிட்ட கேட்டு வாங்கியிருக்காங்க. பாறை கிடைச்சா பாறை, கோபுரம் கிடைச்சா கோபுரம், கல்லு கிடைச்சா சுவர். நான் எடை குறைஞ்ச முக்காலி வாங்கினது தப்பில்லை. மீதி வேலையையும் அதுவே பாத்துக்கும்னு நினைச்சதுதான் தப்பு.

அவசரமும் ஒண்ணு இருந்துச்சு. சனியோட வளையம் பூமிக்கு எப்பவும் ஒரே மாதிரி சாஞ்சு தெரியாது. அப்ப வருஷா வருஷம் மெலிஞ்சுக்கிட்டே வந்துச்சு. 2025 மார்ச்ல விளிம்பு மட்டும் நம்மப் பக்கம் திரும்பி, வளையமே இல்லாத மாதிரி ஆயிடும்னு கணக்கு. (அப்படியேதான் ஆச்சு.) அதுக்கப்புறம் முழுசா விரிஞ்சு தெரியறது 2032 வாக்குல. அப்ப மாமாவுக்கு 79. ஏறுற மனுஷன்தான், ஆனா அதை நம்பித் தள்ளிப்போட எனக்கு மனசில்லை.

2023 டிசம்பர் கடைசியில மறுபடி கிளம்பினோம். அதே மலை, அதே தோட்டம், அதே 1.3 கிலோ முக்காலி. கூடுதலாப் போனது ரெண்டே சாமான்: ஒரு மஞ்சப்பை, ரெண்டு முழம் நைலான் கயிறு.

இடத்தை மாமாதான் தேர்ந்தெடுத்தார். புல்லுத்தரை வேணாம்னுட்டு, மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்த ஒரு அகலப் பாறையைக் கால்ல தட்டித் தட்டிப் பாத்தார். "சர்வேல மண்ணுன்னா ஸ்டாண்டு காலை மிதிச்சு ஊனுவோம். பாறைன்னா பள்ளம் பாத்து வெப்போம். மூணு காலும் உக்கார்ற இடம்தான் முக்கியம்"னார். மூணு காலுக்கும் சின்னச் சின்னக் குழி பாத்து வெச்சோம்.

நடுத்தண்டை இந்தத் தடவை உயர்த்தவே இல்லை. அதை உயர்த்தினா முக்காலி ஒத்தைக்கால் ஆயிடும். கால்கள்ல மேல இருக்குற தடிமனான பாகத்தை மட்டும் இழுத்தேன், அடியில இருக்குற மெல்லிசுப் பாகத்தை உள்ளயே விட்டுட்டேன். காலை அகலமா விரிச்சேன். தொலைநோக்கி இடுப்பளவுக்குக் கீழ வந்துடுச்சு. நின்னு பாக்க முடியாது, உக்காந்துதான் பாக்கணும். பரவாயில்லை.

மஞ்சப்பையில நாலு கிலோவுக்குக் கல்லு பொறுக்கிப் போட்டு, முக்காலி நடுவுல இருக்குற கொக்கியில மாட்டினோம். கல்லு அங்கயே கிடைக்குது, கீழேர்ந்து ஏன் சுமக்கணும்? (உங்க முக்காலி எவ்வளவு தாங்கும்னு பாத்துட்டுப் போடுங்க, உடைஞ்சா நான் பொறுப்பில்லை.) இதுல நான் முதல்ல ஒரு தப்புப் பண்ணினேன். பையை அந்தரத்துல தொங்க விட்டேன். காத்துல அது ஊசலாடி, முக்காலியையும் சேர்த்து ஆட்ட ஆரம்பிச்சுடுச்சு. மாமா கயித்தை இறக்கி, பையோட அடி பாறையைத் தொட்டும் தொடாம இருக்குற மாதிரிக் கட்டினார். ஊசல் நின்னு போச்சு.

அப்புறம் ஸ்மித் வழி. காத்து வர்ற பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கல்லு அடுக்கினோம். தொலைநோக்கி தாழ இருந்ததால அதுவே போதுமா இருந்துச்சு. காலையில கிளம்பும்போது எல்லாக் கல்லையும் இருந்த இடத்துலயே போட்டுட்டோம்.

கடைசியா எவரெஸ்ட் வழி. பாக்குறவர் உக்கார்ற பாயைப் பாறை மேல போடலை, பக்கத்து மண் மேல போட்டோம். மத்தவங்க எல்லாரும் பத்தடி தள்ளி. நடக்கணும்னா கேட்டுட்டுத்தான் நடக்கணும். குழாயை விரலால ஒரு தட்டுத் தட்டிப் பாத்தேன். முந்தின வருஷம் எண்ணி முடிக்க முடியாத அளவுக்கு ஆடினது, இப்ப ரெண்டு எண்ணுறதுக்குள்ள அடங்கிடுச்சு. ஃபோகஸ் வெச்சுட்டுக் கையை எடுத்துட்டு, மூச்சை அடக்கிக் காத்திருந்தேன்.

நின்னுச்சு.

"மாமா, வாங்க. எதையும் தொடாம, உக்காந்து கண்ணை மட்டும் கிட்ட கொண்டு போங்க."

உக்காந்தார். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. பூமி சுத்துறதால சனி மெதுவா நகர்ந்து ஓரத்துக்குப் போயிருக்கும், மறுபடி நடுவுல கொண்டு வரட்டுமான்னு கேக்கக்கூடத் தோணாம நான் பத்தடி தள்ளி அசையாம நின்னுக்கிட்டிருந்தேன்.

"இருக்கு மாப்ளே. ரெண்டு பக்கமும் காது மாதிரி, மெல்லிசா இருக்கு."

எழுந்து வந்து பக்கத்துல உக்காந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, "தஞ்சாவூர்ல அன்னிக்கு வடம் பிடிச்சவங்களுக்கு அந்த வெள்ளைக்காரர் ஒருதரமாவது இதுல பாக்கக் குடுத்திருப்பாரா?"ன்னு கேட்டார். அதுக்கும் என்கிட்ட பதில் இல்லை. கம்பளியைப் போத்திக்கிட்டு, சனி மேற்கால இறங்குற வரைக்கும் மத்தவங்க ஒவ்வொருத்தரா உக்காந்து பாத்ததைப் பாத்துக்கிட்டிருந்தோம்.

டிஸ்கி: மஞ்சப்பை உபயம் ஒரு கல்யாண வீட்டுத் தாம்பூலம். உங்ககிட்டயும் இப்படி ஆடின முக்காலிக் கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, சேர்ந்து சிரிக்கலாம்.